ஆராய்ச்சி மாணவரின் முதல் வாரம்

நம் கல்லூரியில் எம். ஏ., எம். எஸ்ஸி. வகுப்புக்களை முடித்துச் செல்லும் மாணவருள் ஒரு சிலர் ஆண்டுதோறும் முனைவர் பட்டத்திற்குரிய ஆராய்ச்சியை மேற்கொள்ளுகின்றனர். தகுதித் தேர்வு, நுழைவுத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்னும் வாயில்களையெல்லாம் கடந்து ஆராய்ச்சி மாணவர் என்னும் பெயரை அடையும் வரையில் அவர்க்கு ஆலோசனை கூற வருவோர் பலராவர். எந்நூலைப் படித்தல் வேண்டும், எந்தச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பம் விடுத்தல் வேண்டும், நேர்முகத்தில் எங்ஙனம் விடையிறுத்தல் வேண்டும் என்பனவற்றை எடுத்துரைக்க அச்சுப் புத்தகங்களும் உள. தனி வகுப்புக்களும் உள. பெயர் பதிவான மறுநாள் தொட்டு அவரை ஏனென்று கேட்பார் ஒருவரும் இலர். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குரிய பழக்கங்களிற் பெரும்பாலன அம்மறுநாள் தொடங்கி ஏழு நாளைக்குள் வேரூன்றிவிடுகின்றன என்பது என் கருத்து. ஆகவே அவ்வொரு வாரத்தைப் பற்றிச் சில கூறப் புகுகின்றேன். ஆசிரியர் சிலர்க்கு இவை உடன்பாடாகாமற் போகலாம், அவர்கள் பொறுத்தருள்வார்களாக.

வகுப்பு மாணவராயிருந்த காலத்து ஒருவருடைய நாளைக் கல்லூரி மணியே பங்கிட்டுக் கொடுத்தது. இந்த மணி தமிழ், அடுத்த மணி சரித்திரம், பின்னர் உணவு, அதன்பின் செய்முறை என்று பொழுது தானே கழிந்தது. படிக்க வேண்டிய பகுதி இதுவென வரையறை இருந்தது. பரீட்சை நாளும் முன்னரே அறிவிக்கப்பெற்றது. ஆராய்ச்சி மாணவராய்த் திங்கட்கிழமை காலையில் துறைக்குள் நுழைபவர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. மணி அடிக்கின்றது, ஆயின் அது பிறர்க்காக அடிக்கும் மணி. நேற்றுவரை முதல் வகுப்பில் தேறியவர் என்று பாராட்டப்பெற்றவர், இன்று எந்த அறையில் அமர்வது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நிற்கின்றார். அந்நிற்றலில் ஓர் அச்சம் பிறக்கின்றது. தம்மைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிழைபடத் தேர்ந்தெடுத்துவிட்டனரோ என்னும் ஐயமும் உடன் பிறக்கின்றது. இவ்வையம் மிகத் திறமையுடையாரையே மிகுதியும் பற்றுகின்றது என்பதை யான் பல்லாண்டாகக் கண்டு வருகின்றேன். பக்கத்தில் இருப்பவரும் அதே ஐயத்தோடுதான் அமர்ந்திருக்கின்றார் என்பது ஒருவர்க்கும் தெரிவதில்லை. ஏனெனில் இருவரும் வாய் திறப்பதில்லை.

இப்பட்டத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது இவ்வச்சத்தை ஓரளவு தணிக்கும். ஐரோப்பாவின் பழைய சர்வகலாசாலைகளில் இறையியல், சட்டம், மருத்துவம் என்னும் மூன்றற்கும் புறம்பான கல்வி பெரும்பாலும் தத்துவப் பகுதி என்னும் ஒரே கூரையின்கீழ் இருந்தது. அதனாலேயே, தத்துவ நூல் ஒன்றனைக்கூடத் தொட்டறியாத இரசாயன ஆராய்ச்சியாளரும் இன்று 'டாக்டர் ஆஃப் ஃபிலாசபி' என்று வழங்கப்பெறுகின்றார். 1810-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துச் சர்வகலாசாலை தோன்றிய பின்னர், ஆசிரியரும் மாணவரும் ஒருங்கிருந்து புதியது காணுதலே உயர்கல்வியின் தொழில் என்னும் கொள்கை ஜெர்மானிய நாட்டில் வலுப்பெற்றது. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை 1861-இல் மூவர்க்கு இப்பட்டத்தை முதன்முதல் வழங்கிற்று. ஆக்ஸ்போர்டு 1917-இல்தான் இதற்கு விதி வகுத்தது. இவ்வளவு பழமையான சர்வகலாசாலைகளே நேற்றுத்தான் ஏற்றுக்கொண்ட ஒரு பட்டம் இது. நம் நாட்டிலோ கல்கத்தா, பம்பாய், சென்னைச் சர்வகலாசாலைகள் 1857-இல் பரீட்சை நடத்தும் கழகங்களாகவே நிறுவப்பெற்றன. பரீட்சை எண் கொடுப்பதும், விடைத்தாள் திருத்துவதும், பட்டியல் வெளியிடுவதும் நம் காரியாலயங்களுக்கு நூற்றறுபது ஆண்டிற்கு மேற்பட்ட பழக்கம். ஒன்றைக் கண்டறிவதற்காக வந்து நிற்கும் ஒருவரை என் செய்வது என்பது அவற்றுக்கு இன்னும் பழகவில்லை. ஆகவே, புதிய ஆராய்ச்சி மாணவர் தாழ்வாரத்தில் நிற்பதற்குக் காரணம் அவருடைய குறைபாடன்று.

நிற்க. முதல் வாரத்தில் அவரிடம் கேட்கப்பெறும் வினாக்களுள் தலையாயது, "தலைப்பு யாது?" என்பதாகும். காரியாலயக் குமாஸ்தா கேட்கின்றார். விண்ணப்பத்தாளில் அதற்கென ஒரு கட்டம் இருக்கின்றது. மூத்த மாணவர் கேட்கின்றார். நெறியாளர் கேட்கின்றார். ஊரிலிருந்து தொலைபேசியிற் பேசும் மாமாவும் கேட்கின்றார். இவ்வளவு பேர் கேட்கும்பொழுது ஒன்றும் சொல்லாதிருத்தல் மானக்குறைவாகத் தோன்றுமன்றோ? ஆகவே அம்மாணவர் ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிடுகின்றார். சொன்னதைத் தாளில் எழுதுகின்றார். எழுதியதன்மேல் மூவர் கையொப்பமிடுகின்றனர். அதன்பின் அத்தலைப்பு அவரை ஆளத் தொடங்குகின்றது. இன்ன மாவட்டத்தில் இன்ன தொழில், ஓர் ஆய்வு என்று முடியும் தலைப்புக்கள் நம்மிடையே எத்துணை! மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் முப்பதுக்கு மேற்பட்ட பட்டங்கள் கிடைக்கும்.

தலைப்பு வேறு; வினா வேறு. 'தஞ்சை மாவட்டத்து நீர்ப்பாசனம்' என்பது தலைப்பு. அதனை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எங்குச் செல்வது, எவரைக் காண்பது, எந்தத் தாளைப் புரட்டுவது என்று ஒருவர்க்கும் தெரியாது. 'காவிரியின் கடைமடையில், குடிமராமத்து வழக்கம் நின்றுபோன ஊர்களில், வாய்க்காலைத் தூர் வாருவதற்கு இப்பொழுது பொறுப்பேற்பவர் யார். அவர் அதனைச் செய்யாதபொழுது கேட்பவர் யார்?' என்பது வினா. இதனைக் கையிற் கொண்டவர்க்கு வழி உடனே புலப்படுகின்றது. எந்த ஊர்கள் என்று தேர்ந்துகொள்ள வேண்டும். வாய்க்காற்கரையில் நிலமுடைய முதியோரைக் காண வேண்டும். பொதுப்பணித் துறையின் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திற்குச் சென்று முன்னாளில் அவ்வழக்கம் எங்ஙனம் இருந்ததென அறிய வேண்டும். இங்ஙனம் ஒரு வினா பிறப்பதற்கு ஏழு நாள் போதாது. ஏழு மாதமும் ஆகலாம். முதல் வாரத்தில் தலைப்பைக் கேட்பது, விதை ஊன்றிய அன்றே விளைச்சலை அளக்க மரக்கால் எடுத்து வருவதை ஒக்கும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். காலம் குறுகியது என்பர் அவர். 2022-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளின்படி இப்பட்டத்திற்குக் குறைந்த காலம் மூன்றாண்டு; மிகுந்த காலம் ஆறாண்டு. மறுபதிவு செய்துகொண்டால் மேலும் இரண்டாண்டு கிடைக்கும். மகளிர்க்கும், நாற்பது விழுக்காட்டிற்கு மேற்பட்ட உடற்குறை உடையார்க்கும் இன்னும் ஈராண்டு நீட்டிப்பு உண்டு. உபகாரச் சம்பளமோ ஐந்தாண்டோடு நின்றுவிடும். இந்நிலையில் தலைப்பின்றி மாதங்களைக் கழிப்பது செல்வர்க்கே இயலும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அதே விதிகள் முதலிற் பன்னிரண்டு மதிப்பலகுக்குக் குறையாத பாடப்பயிற்சியை வைத்திருக்கின்றன. ஆராய்ச்சித் திட்டத்தை ஆராய்ந்து பொருளை உறுதி செய்வதற்கென ஆலோசனைக் குழு ஒன்றையும் வைத்திருக்கின்றன. விதி அவகாசம் தருகின்றது. நம் வழக்கமே அதனைப் பறிக்கின்றது. அன்றியும், விரைவில் எழுதிய தலைப்பை மூன்றாம் ஆண்டில் மாற்றப் புகுந்து, முன் செய்ததையெல்லாம் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கியவர்கள் இழந்த காலத்தைக் கணக்கிட்டால், வினாவைத் தேடிச் சில மாதம் காத்திருந்தவரே சிக்கனக்காரர் ஆவர்.

சீனிவாச இராமானுஜன் வந்தபோதே பொருளோடு வந்தாரல்லரோ என்று சிலர் கேட்கலாம். வந்தார். அவ்வரலாற்றை முழுதும் பார்த்தல் நலம். 1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்திற்குக் குமாஸ்தாவாக இருந்த அவர்க்கு, 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. அப்பொழுது அவரிடம் பட்டம் எதுவும் இல்லை. சர்வகலாசாலை அவர்க்கு விதித்த நிபந்தனை யாது? மூன்று மாதத்திற்கொருமுறை தாம் செய்ததைப் பற்றி ஓர் அறிக்கை தருதல் வேண்டும் என்பது. முதல் அறிக்கையை அவர் ஆகஸ்டு மாதத்தில் கொடுத்தார். அடுத்த இரண்டும் நவம்பரிலும், 1914 மார்ச்சிலும் சென்றன. அம்மார்ச்சு மாதத்திலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். இராமானுஜனைப் போன்ற ஒருவர்க்கும் செய்ததைக் காட்டுக என்று மூன்று மாதம் பொறுத்துக் கேட்டனரேயன்றி, செய்யப்போவதன் பெயரை முதல் நாளிற் கேட்டிலர். நூற்றுப் பத்தாண்டுகட்கு மேற்பட்ட இவ்வேற்பாடு இன்றைய ஏற்பாடுகள் பலவற்றினும் சிறந்ததென்பேன். கேம்பிரிட்ஜில் அவர்க்கு 1916-இல் கிடைத்தது ஆராய்ச்சிக்காக அளிக்கப்பெற்ற பி. ஏ. பட்டம் என்பதையும் கூறிவிடுகின்றேன். முனைவர் பட்டம் அங்கு அப்பொழுது தோன்றவில்லை.

விஞ்ஞானத் துறைகளில் நிலைமை சற்று வேறு. அங்குப் பெரும்பாலும் நெறியாளரே பிரச்சினையைக் கொடுத்துவிடுவார். கருவியும் பணமும் அதற்கெனவே வந்திருக்கும். அத்தகைய மாணவர்க்கு முதல் வாரத்து வேலை, தமக்கு முன் அந்த மேசையில் இருந்தவருடைய குறிப்பேட்டைத் தேடிப் பெறுவதேயாகும். அவர் கடைசியாகச் செய்து முடித்த சோதனையைத் தம் கையாலேயே மீண்டும் செய்து பார்த்தல் வேண்டும். அதே விடை கிடைத்தால் கருவி தம் கைவசமாயிற்று என்று கொள்ளலாம். கிடைக்காவிடின், நெறியாளரிடம் கேட்பதற்கு உண்மையான ஒரு வினா அகப்பட்டது.

காரியாலய அலைச்சலைப் பற்றி நீள எழுத விருப்பமில்லை. இடமாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, விடுதி முன்பணம், புத்தகசாலை அட்டை, மின்னஞ்சல் முகவரி என ஒவ்வொன்றும் மற்றொன்றைக் காட்டினாலன்றிக் கிடைக்காத வகையிற் பல இடங்களில் அமைந்திருக்கின்றது. எல்லாச் சான்றிதழ்களையும் ஆறு படி எடுத்து ஓர் உறையில் இட்டு வைத்துக்கொள்க. குமாஸ்தாக்களின் பெயரைக் கேட்டறிந்து, அவர்களை மரியாதையாக அழைத்துப் பேசுக. ஆறாண்டு கழித்து ஆராய்ச்சியுரையைச் சமர்ப்பிக்கும் நாளில் அவர்களே வாயிற்காவலர். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

ஒரு மேசையைப் பற்றியோ சற்று விரிவாகவே கூறல் வேண்டும். நம் நாட்டுத் துறைகள் பலவற்றில் ஆராய்ச்சி மாணவர்க்கென இருக்கை இல்லை. நெறியாளரின் அறையில் ஒரு மூலையிலோ, புத்தகசாலையின் பொது மேசையிலோ, விடுதிக் கட்டிலின்மேலோ அவர் படிக்க வேண்டியிருக்கின்றது. இது சிறு குறையெனப் பலர் கருதுவர். யான் அங்ஙனம் கருதேன். நெறியாளரின் அறையிலேயே அமர்ந்திருப்பவர் அங்கு வருவோர்க்குத் தேநீர் வாங்கி வருபவராகவும், தொலைபேசிக்கு விடை கூறுபவராகவும், தேர்வுத்தாட் கட்டுக்களை எண்ணி வைப்பவராகவும் ஆகிவிடுகின்றார். கட்டிலின்மேற் படிப்பவர் உறங்கிவிடுகின்றார். விரித்த நூலை விரித்தபடியே இரவில் வைத்துவிட்டுப் போய், மறுநாள் காலையில் அதே பக்கத்திலிருந்து தொடங்குவதற்கு ஓரிடம் இருப்பவருடைய சிந்தனை தொடர்ந்து ஓடுகின்றது. பொழுது சாயும்போதெல்லாம் அனைத்தையும் பையிற் கட்டிக்கொண்டு புறப்படுபவருடைய சிந்தனை நாள்தோறும் அறுபடுகின்றது. துறைத்தலைவர்கள் புதிய மாணவரைச் சேர்த்துக்கொள்ளுமுன், ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் பூட்டுடைய ஓர் இழுப்பறையும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துச் சேர்த்தல் வேண்டும். அவை இல்லையெனின் ஒருவரைக் குறைத்துச் சேர்ப்பதே தகும். மாணவரும் முதல் வாரத்தில் வேறெதனைக் கேட்கக் கூசினும் இதனைக் கேட்கக் கூசற்க.

இனி, நெறியாளரைப் பற்றியது. இதுவே இவ்வாரத்தின் மிகக் கடினமான பகுதி. ஜெர்மானிய மொழியில் நெறியாளரை 'டாக்டர்த் தந்தை' என்னும் பொருள்பட வழங்கும் ஒரு சொல் உண்டு. நம் நாட்டிலோ ஆசிரியரைத் தந்தையினும் மேலாக வைத்துப் போற்றும் மரபு மிகப் பழையது. அம்மரபை யான் குறை கூற வந்திலேன். ஆயின் குருகுலத்தில் மாணாக்கன் ஆசிரியர் வீட்டில் உண்டு உறைந்தான். அதற்கு ஈடாகப் பணிவிடை செய்தான். இக்காலத்து ஆராய்ச்சி மாணவரின் உணவுக்கு நெறியாளர் பொருள் கொடுப்பதில்லை. அங்ஙனமிருக்க, அவர் வீட்டு மின்கட்டணத்தைச் செலுத்தவும், அவர் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும், அவர் பெயரில் வெளிவரவிருக்கும் கட்டுரையை எழுதித் தரவும் ஒரு மாணவரை ஏவுவது எந்த மரபைச் சேர்ந்தது? இத்தகைய ஏவல் எங்கும் உண்டு என்று யான் சொல்லவில்லை. மாணவரைத் தம் மக்களினும் அருமையாக நடத்தும் நெறியாளர் பலரை யான் அறிவேன். ஆயினும் அது உண்டு என்பதை மறைப்பதாற் பயனில்லை. அது தொடங்குவதும் பெரும்பாலும் முதல் வாரத்திலேதான். முதலிற் கேட்கப்பெறும் உதவி மிகச் சிறியதாக இருக்கும். புதியவர் தாமே முன்வந்து செய்வார். இரண்டாம் முறை அது வழக்கமாகிவிடும்; மூன்றாம் முறை மறுக்க இயலாத கடமையாகிவிடும். பட்டத்திற்குரிய ஒவ்வொரு தாளிலும் நெறியாளரின் கையொப்பம் வேண்டியிருத்தலால், நான்காம் ஆண்டில் மறுக்கத் துணிபவர் அரியர்.

இதற்கு யான் காணும் மருந்து ஒன்றுண்டு. முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், கதவை அடைத்துக்கொண்டன்று, திறந்து வைத்துக்கொண்டே, இருவரும் அமர்ந்து சில செய்திகளைப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். வாரத்தில் எந்த நாள் சந்திப்பது, எழுதிக் கொடுத்ததை எத்துணை நாளில் படித்துத் திருப்பித் தருவது, கட்டுரை வெளிவரின் யார் பெயர் முதலில் நிற்பது, விடுமுறை எவ்வளவு, பாடம் நடத்தும் உதவி வாரத்திற்கு எத்துணை மணி என்பன அவை. தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் தம் ஆசிரியரிடம் இவற்றையெல்லாம் கேட்பது எங்ஙனம் கூடும் என்று நகைப்பாரும் உளர். மாணவர் கேட்பது அரிதென்பதை யானும் ஒப்புக்கொள்ளுகின்றேன். ஆதலின் கேட்பவர் நெறியாளராக இருத்தல் வேண்டும். அவரும் மறந்துவிடலாமாதலின், துறையே ஓர் அச்சிட்ட தாளை இருவர்க்கும் கொடுத்து, நிரப்பித் தருமாறு பணித்தல் வேண்டும். இத்துணைத் தாள்களைக் கையொப்பத்திற்கு நீட்டும் நம் காரியாலயங்கள், பயனுடைய இவ்வொரு தாளையும் நீட்டினால் என்ன குறைந்துவிடும்? நெறியாளர்க்கும் இது பாதுகாப்பே. பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் எட்டு ஆராய்ச்சி மாணவர் வரையிலும், இணைப் பேராசிரியர் அறுவர் வரையிலும், உதவிப் பேராசிரியர் நால்வர் வரையிலும் ஏற்கலாமென விதி இடங்கொடுக்கின்றது. எண்மர்க்கும் வாரம் ஒவ்வொரு மணி ஒதுக்கினால் எட்டு மணி ஆயிற்று. இக்கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பவர் எட்டாமவரை ஏற்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவார்.

அடுத்து, குறிப்பெடுக்கும் பழக்கம். முதல் வாரத்தில் மாணவர்க்கு ஒரு கணினிச் செயலியைக் காட்டி, எழுதியது பிறர் எழுத்தோடு எத்துணை விழுக்காடு ஒத்திருக்கின்றதென இது சொல்லிவிடும் என்கின்றனர். 2018-ஆம் ஆண்டின் விதிப்படி பத்து விழுக்காடு வரையிலும் ஒப்புமை இருப்பின் தண்டனை இல்லை; பத்துக்கு மேல் நாற்பது வரை இருப்பின் திருத்தி மீண்டும் தரவேண்டும்; நாற்பதுக்கு மேல் அறுபது வரை இருப்பின் ஓராண்டு சமர்ப்பிக்க இயலாது; அறுபதையும் கடந்தால் பதிவே நீக்கப்படும். இவ்விதி நல்ல நோக்கத்தோடு செய்யப்பெற்றது. ஆயின் இளைஞர் பலர் இதிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடம், பத்து விழுக்காடு திருடலாம் என்பதே! திருடிய வாக்கியத்தின் சொற்களை மாற்றிச் செயலியை ஏமாற்றும் வித்தையையும் சிலர் விரைவிற் கற்றுக்கொள்ளுகின்றனர். இன்று மனிதர் கேட்ட அளவில் பக்கம் பக்கமாக எழுதித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டமையால் ஒப்புமை எண் ஒன்றைக்கொண்டு ஒருவரது நேர்மையை அளத்தல் முன்னினும் அரிதாயிற்று.

வேண்டென்றே திருடுவாரைப் பற்றி யான் இங்குப் பேசவில்லை. நேர்மையான மாணவர் ஒருவர் முதல் ஆண்டில் ஒரு நூலைப் படிக்கின்றார். நல்ல பத்தி ஒன்றைக் கண்டு தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுகின்றார். நூலின் பெயரை எழுதுகின்றார். பக்க எண்ணை எழுதவில்லை. மேற்கோட் குறியும் இடவில்லை. ஐந்தாம் ஆண்டில் அதே குறிப்பேட்டைப் புரட்டும்பொழுது அப்பத்தி தம் கையெழுத்தில் இருக்கின்றது. தாமே எண்ணி எழுதியதாக நம்பி ஆராய்ச்சியுரையிற் சேர்த்துவிடுகின்றார். பின்னர் நிகழ்வது யாவரும் அறிந்ததே. ஆகவே முதல் நாள் எடுக்கும் முதற் குறிப்பிலேயே நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகிய நான்கையும் எழுதும் பழக்கம் வேண்டும். பிறர் சொல்லைக் கறுப்பு மையிலும் தம் எண்ணத்தை நீல மையிலும் எழுதிவந்த நண்பர் ஒருவரை யான் அறிவேன். பன்னிரண்டு ஆண்டு கழித்தும் அவர் குறிப்பேட்டில் எது எவருடையதென்பதில் ஐயமே எழுந்ததில்லை. கணினியில் எழுதுவோரும் இதற்கு ஒத்த ஒரு முறையைக் கொள்ளலாம்.

படிப்பதற்கு முதல் வாரத்தில் யாது கொடுப்பது? பெரிய நூற்பட்டியல் வேண்டா. அது கண்டவுடனே மலைப்பைத் தருவது. தம் துறையில் முன்னர் ஏற்கப்பெற்ற ஆராய்ச்சியுரைகள் இரண்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுதலே நலம். ஒன்று மிக நல்லது, மற்றொன்று தேறியது என்னும் அளவில் நிற்பது. நல்லதைப் படித்தால் ஆசை பிறக்கும். மற்றதைப் படித்தால் தைரியம் பிறக்கும். இவற்றைத் தேடி முன்போல் ஊரூராய் அலைய வேண்டுவதுமில்லை. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் இந்தியச் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சியுரைகள் இலட்சக்கணக்கில் உள. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். தாம் எண்ணிய பொருளில் எட்டுப் பேர் எழுதிவிட்டனர் என்று கண்டு முதல் வாரத்திலேயே மனமுடையும் மாணவரும் உண்டு. எட்டையும் திறந்து பார்க்குமாறு அவரைத் தூண்டுதல் வேண்டும். அவ்வெட்டில் ஆறு ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவ்வாறும் தொடாது விட்ட இடம் ஒன்றும் இருக்கும்.

தமிழ் ஆராயப் புகுவோர்க்கு வேறொன்றும் சொல்லல் வேண்டும். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபொழுது, உ. வே. சாமிநாதையர் அந்நூலை அதுவரை படித்திருக்கவில்லை. ஏட்டைக் கையிற் கொண்ட பின்னர், பொருள் விளங்காத இடங்களுக்காக அவர் நாடிச் சென்றது அவ்வூரில் வாழ்ந்த ஜைனர்களை. அந்நூலை வழிவழியாகப் படித்துப் போற்றி வந்தவர் அவரேயாதலின், ஏட்டில் மட்டும் விளங்காதவை அவர் வாயால் விளங்கின. 1887-இல் பதிப்பு வெளிவந்தது. சென்னைச் சர்வகலாசாலை அவர்க்கு டாக்டர் பட்டத்தைச் சிறப்பாக அளித்தது 1932-இல். பொருளை உள்ளபடி அறிந்தவர் தம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கக்கூடும் என்னும் நினைவு புதிய மாணவர்க்கு வேண்டும்.

உடன் பயில்வோரைப் பற்றி நன்னூலார் கூறியதைப் பழைய மாணவர் யாவரும் நெட்டுருச் செய்திருப்பர். ஆசிரியரிடம் கேட்பதால் வருவது கால். உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது மற்றொரு கால். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது என்பது அவர் கணக்கு. இக்காலத்து ஆராய்ச்சிக்கு இக்கணக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. மூத்த மாணவரை 'அண்ணா', 'அக்கா' என்று அழைக்கும் நம் வழக்கம் இனியது. அவ்வழக்கத்தின் பயனையும் கொள்ளல் வேண்டும். எந்தக் கருவி பழுது, எந்த அதிகாரி எந்த நாளில் இருப்பார், நெறியாளர் எப்பொழுது பேச விரும்புவார், எப்பொழுது விரும்பார் என்பன எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் மூத்தார் சொல்வதனைத்தையும் வேதமாகக் கொள்ளற்க. ஏழாண்டாகியும் முடிக்காத ஒருவர் எல்லார்க்கும் முதலில் வந்து அறிமுகமாவார். தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, இத்துறையில் ஒன்றும் உருப்படாது என்று விளக்குவார். அவர் பட்ட துன்பம் உண்மையானது. அவரோடு ஒருநாள் தேநீர் அருந்துக. மறுநாள், இவ்வாண்டு எழுதி முடிக்கும் நிலையில் இருக்கும் மற்றொருவரைத் தேடிச் செல்க. அவர் தாமாக வந்து பேசார், ஏனெனில் அவர்க்கு நேரமில்லை.

வீட்டை நினைத்தால் மனம் கனக்கின்றது. நம் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்குச் செல்வோரிற் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர். "தம்பி, இன்னும் எத்தனை வருஷம் படிப்பு?" என்று தாய் கேட்கும்பொழுது, இது படிப்பன்று என்று அவர் எங்ஙனம் விளக்குவார்? உடன் படித்தவர் உத்தியோகத்தில் அமர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கியிருப்பர். பெண்மக்களுக்கோ இத்துடன் திருமணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். மணமானவர்க்கு, ஆராய்ச்சி எதற்கு என்னும் வினா இரு வீட்டிலிருந்தும் வரும். மகப்பேற்றிற்கும் குழந்தை வளர்ப்பிற்குமாக ஆராய்ச்சிக் காலத்தில் 240 நாள் வரை விடுப்பு உண்டென்பதை முதல் வாரத்திலேயே அவர்க்கு எவரேனும் சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லுவாரைக் காணோம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம்மவர் கூசுகின்றனர். தேசியத் தகுதித் தேர்வில் உபகாரச் சம்பளத்திற்குத் தேறியவர்க்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டும் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் என வகுக்கப்பெற்றது. தொகை நன்று. ஆயினும் முதல் தவணை கைக்கு வந்து சேரச் சில மாதம் ஆவதுண்டு; அதுவரை விடுதிக் கட்டணமும் உணவுக் கட்டணமும் காத்திரா. உபகாரச் சம்பளம் இல்லாமலே சேர்பவர் நிலைமை இதனினும் இரங்கத்தக்கது. முதல் வாரத்தில் ஒருவர் பெற்ற அச்சத்திற்கு ஆராய்ச்சி காரணமா, கையில் இருந்த முந்நூறு ரூபாய் காரணமா என்று பகுத்தறிவது அவர்க்கே அரிது. அவ்வச்சத்தோடு ஊருக்குத் திரும்பிப்போய், மீண்டும் வாராதவர்களையும் யான் அறிவேன்.

இவ்விடத்து நம் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டு விழாவிற்கும் விருந்திற்கும் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, நம் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்குச் செல்லும் ஒவ்வொருவர்க்கும் முதல் நான்கு மாதத்து விடுதி, உணவுச் செலவை வட்டியின்றிக் கடனாக அளிக்கும் நிதி ஒன்றை நிறுவலாம். ஆண்டிற்கு ஐந்தாறு பேருக்கு மேல் இராது. உபகாரச் சம்பளத்தின் முதல் தவணை வந்ததும் அவர்கள் அதனைத் திருப்பிச் செலுத்துவர். அத்தொகை அடுத்த ஆண்டு செல்வோர்க்கு உதவும். உபகாரச் சம்பளம் பெறாதவர்கள் வேலையில் அமர்ந்த பின்னர்ச் செலுத்தலாம். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதனைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் ஆலோசித்தல் கூடுமாயின், கணக்கு வழக்குகளை எழுதும் வேலையை யான் ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கின்றேன்.